மனச்சிதைவின் வேரைத் தேட: இரத்தமா, இறந்தவரின் மூளையா, தட்டில் வளர்த்த நியூரானா, கணினியா?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மனித ஜீனோமில் 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சுட்டிக் காட்டியது. 76,755 நோயாளிகளையும் நோயற்ற 2,43,649 பேரையும் ஒப்பிட்டு எடுத்த பட்டியல் அது. அந்த இடங்களில் பெரும்பாலானவை புரதத்தின் வடிவத்தை மாற்றுபவை அல்ல. ஒரு மரபணு எந்தச் செல்லில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை ஆட்டிவைக்கும் பகுதிகள் அவை. இந்த இடம் எந்த மரபணுவைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று தெரியாதவரை அந்தப் பட்டியல் வெறும் முகவரிப் புத்தகம்தான். ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதன் ஆர்.என்.ஏ நகல்களை எண்ணி அளக்கும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு உள்ளே வருவது இங்கேதான்.

ஆனால் எந்தத் திசுவின் ஆர்.என்.ஏ-வை அளப்பது? இதயநோய்க்கு வால்வோ தசைத்துண்டோ அறுவையில் கிடைக்கும். மனநோயாளியின் மூளையை உயிரோடு இருக்கும்போது யாரும் வெட்டி எடுக்க மாட்டார்கள். ஆக, எந்த வழியும் மாற்று வழிதான். புதிதாகத் தொடங்கும் குழுக்களின் திட்டங்களில் அடிக்கடி கண்ணில் படுவது இது: 20 நோயாளிகள், 20 நோயற்றவர்கள், ஆளுக்கு ஒரு குழாய் இரத்தம், ஆர்.என்.ஏ சீக்வென்சிங். காரணத்தைத் தேடுவதுதான் நோக்கம் என்றால் இந்தத் திட்டம் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

நோயாளிக்கும் மற்றவருக்கும் இடையே ஒரு மரபணுவின் அளவு வேறுபட்டால் அதற்கு நான்கு பொருள் இருக்கலாம். அது நோயை உண்டாக்கியதாக இருக்கலாம். நோய் வந்ததால் மாறியிருக்கலாம். சேதத்தைச் சரிக்கட்ட உடல் செய்யும் ஏற்பாடாக இருக்கலாம். மாத்திரை, பீடி, தூக்கமின்மை, உடல் எடை ஆகியவற்றின் தடமாகவும் இருக்கலாம். வரைபடத்தில் நான்கும் ஒரே மாதிரிப் புள்ளிதான். பிறவியிலேயே வந்த மரபு மாறுபாடு மட்டும் நோய்க்கு முந்தையது என்று நிச்சயமாகச் சொல்லலாம். அதனால் எந்தத் திசுவை எடுத்தாலும் ஒரு நுனியை மரபு மாறுபாட்டில் கட்டிவைக்க வேண்டும். கட்டாமல் விட்டால் கிடைப்பது நோயின் நிழல்.

முதலில் ஒரு கணக்கு

காமன்மைண்ட் கூட்டமைப்பு 2016-இல் மனச்சிதைவு நோயாளிகள் 258 பேர், மற்றவர்கள் 279 பேர் ஆகியோரின் மூளையில் முன்நெற்றிப் புறணியை ஒப்பிட்டது. 693 மரபணுக்கள் வேறுபட்டன. வேறுபாட்டின் அளவோ 1.03 முதல் 1.33 மடங்கு வரைதான். புற்றுநோய்க் கட்டியில் எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை போலத் தெரியும். மனநோயில் இதுதான் இயல்பான அளவு.

இதை ஆள்கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு மரபணுவின் வெளிப்பாடு ஆளுக்கு ஆள் லாக்-2 அளவில் 0.5 திட்ட விலக்கம் கொண்டது என்று வைப்போம். நோயில் அது 1.2 மடங்கு கூடுகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் சோதிப்பதால், தற்செயலை விலக்கும் வரம்பை (பி-மதிப்பு) 0.0001 என்று இறுக்க வேண்டும். அப்போது 80 விழுக்காடு வாய்ப்போடு அதைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 160 பேர் தேவை. வேறுபாடு 1.1 மடங்குதான் என்றால் கிட்டத்தட்ட 600 பேர். 20-க்கு 20 வைத்துப் பார்த்தால் உண்மையான வேறுபாடு தப்பிவிடும். பிடிபடும் ஒன்றிரண்டும் தற்செயலாக ஊதிப்போனவையாக இருக்கும்; அடுத்த குழுவில் திரும்ப வராது.

இரத்தம்

இதன் பலம் வெளிப்படையானது. ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேள்வி கேட்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம். நூற்றுக்கணக்கில் திரட்டுவதும் முடியும்.

செய்முறை எளிதாகத் தெரிந்தாலும் கெட்டுப்போகும் இடங்கள் நிறைய. ஆர்.என்.ஏ-வைக் காக்கும் திரவம் உள்ள பேக்ஸ்ஜீன் குழாயில் 2.5 மி.லி. இரத்தம் எடுத்து, உடனே 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. குறைந்தது 2 மணி நேரம் அறை வெப்பத்தில் நிறுத்தி, பிறகு மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள், அதன் பின் மைனஸ் 80. நேராக மைனஸ் 80-இல் வைத்தால் குழாய் வெடிக்கலாம். கவிழ்க்க மறந்த குழாயில் அடியில் இருக்கும் திரவமும் மேலே இருக்கும் இரத்தமும் சேராமலே கிடக்கும். செல்கள் உடையாது, உறைந்த கட்டியிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ குப்பையாக இருக்கும். இந்தத் தவறு ஆய்வகத்தில் நடப்பதில்லை, வெளிநோயாளிப் பிரிவில் ஊசி போடும் மேசையில்தான் நடக்கிறது. அங்கே இருப்பவருக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது குளோபின். முழு இரத்தத்தின் தூது ஆர்.என்.ஏ-வில் பெரும்பங்கு குளோபின் மரபணுக்களுடையது. அதை நீக்காமல் சீக்வென்ஸ் செய்தால் கொடுத்த காசில் பெரும்பகுதி ஹீமோகுளோபினை எண்ணுவதற்கே போய்விடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் மூலச் சிக்கல் அப்படியே இருக்கிறது. இரத்தம் என்பது நியூட்ரோஃபில், லிம்போசைட், மோனோசைட் எல்லாம் கலந்த குழம்பு. கலவை விகிதம் மாறினாலே ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியதாகத் தோன்றும். இருதுருவ மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை ஏற்றும். 2020-இல் வெளியான ஓர் இரத்த ஆய்வில் நோயின் தடத்தைவிட லித்தியத்தின் தடமே ஓங்கி நின்றது. மனச்சிதைவு நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம், புகைப்பழக்கத்துக்கும் தனித் தடம் உண்டு. காலை 8 மணிக்கு எடுத்த இரத்தமும் மதியம் 2 மணிக்கு எடுத்ததும் ஒன்றல்ல. கார்ட்டிசால் ஏறி இறங்குவதோடு நோய் எதிர்ப்புச் செல்களும் ஏறி இறங்கும். அதே நாளில் முழு இரத்த அணுக் கணக்கு, எடுத்த மணி, கடைசி மாத்திரை, பீடி எண்ணிக்கை, எடை, உயரம் ஆகியவை பதிவில் இல்லாத சாம்பிளை எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

இதனால் இரத்தம் வீண் என்று ஒதுக்கவும் வேண்டாம். மனச்சோர்வு உள்ள 463 பேர், இல்லாத 459 பேர் இரத்தத்தை ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு இன்டர்ஃபெரான் பாதையில் ஒரு சிறு ஏற்றத்தைக் காட்டியது. அழற்சியோடு வரும் மனச்சோர்வு தனி வகையா, எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு இரத்தம் பொருந்தும். அவை நோயின் நிலையைப் பற்றிய கேள்விகள், காரணத்தைப் பற்றியவை அல்ல.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மரபு மாறுபாடு ஒரு மரபணுவை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு மூளையிலும் இரத்தத்திலும் நிறையவே ஒத்துப்போகிறது. 2018-இல் இந்த ஒப்புமையை 0.70 என்று கணக்கிட்டார்கள். மூளை சாம்பிள்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று கிடைப்பதே அரிது. இ-க்யூடிஎல்-ஜென் தொகுப்பிலோ 31,684 பேருடைய இரத்தம் இருக்கிறது. நோயாளிக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தேடும்போது காலைவாரும் அதே இரத்தம், மரபு மாறுபாட்டின் விளைவை அளக்கும்போது கைகொடுக்கும். நியூரான்கள் ஒன்றோடொன்று இணையும் சினாப்ஸின் மரபணுக்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இரத்தத்தில் வெளிப்படாத மரபணுவைப் பற்றி இரத்தம் எதுவும் சொல்லாது.

இறந்தவரின் மூளை: மொத்தமாக அரைத்தால்

பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்கி வருகிறது. தென்னிந்தியாவில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள கதவு அது. கதவைத் தட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று எண்கள் முக்கியம்: இறந்ததிலிருந்து உறைய வைத்ததுவரை எத்தனை மணி நேரம், திசுவின் பி.எச், ஆர்.என்.ஏ முழுமை எண். கடைசியானது 1 முதல் 10 வரை போகும். காமன்மைண்ட் 5.5-ஐ அடிவரம்பாக வைத்தது. 7-க்கு மேல் கிடைத்தால் நல்லது. இந்த மூன்றில் அதிகம் ஏமாற்றுவது பி.எச். வென்டிலேட்டரில் நான்கு நாள் இழுத்துக்கொண்டு இறந்தவரின் மூளை அமிலமாகியிருக்கும். விபத்தில் சட்டென இறந்தவரின் மூளை அப்படி இராது. நோயாளிகள் ஒரு வகையாகவும் ஒப்பீட்டு நபர்கள் வேறு வகையாகவும் இறந்திருந்தால் நீங்கள் அளப்பது சாவின் விதத்தை.

திசு கைக்கு வந்ததும் 50 மி.கி. அளவு வெட்டினால் போதும். அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாம்பல் பகுதியோடு வெள்ளைப் பகுதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், நரம்பு இழைகளின் உறையான மயலினின் மரபணுக்களான எம்பிபி, பிஎல்பி1, எம்ஓபிபி மூன்றும் சேர்ந்து எகிறும். நோயாளிகளில் மயலின் குறைகிறது என்று முடிவு வந்தால், கட்டுரை எழுத உட்காருவதற்கு முன் வெட்டியவர் யார், ஒரே கையா, ஒரே வாரமா என்று பாருங்கள்.

சீக்வென்சிங்குக்கான ஆர்.என்.ஏ துண்டுகளின் தொகுப்பை (நூலகம்) தயாரிக்கும்போது பாலி-ஏ வால் பிடித்து எடுக்கும் முறையா, ரைபோசோம் ஆர்.என்.ஏ-வை நீக்கும் முறையா என்ற தேர்வு வரும். சிதைந்த ஆர்.என்.ஏ-வில் வாலோடு ஒட்டிய துண்டு மட்டுமே பிடிபடும்; மரபணுவின் முன்பாதி காணாமல் போகும். இறந்தவர் திசுவுக்கு நீக்கும் முறையே மேல். சாம்பிளுக்கு 5 கோடி இணை ரீட்கள் (கருவி படித்துத் தரும் துண்டுகள்) வைத்துக்கொள்ளலாம். ரீட்கள் வந்ததும் முதல் வேலை பாலினச் சோதனை. எக்ஸ்ஐஎஸ்டி மரபணு பெண்களில் மட்டும் ஓங்கும், ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களில் மட்டும். ஆண் என்று எழுதிய குழாயில் எக்ஸ்ஐஎஸ்டி இருந்தால் குழாய் மாறிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே பாலினத்துக்குள் நடந்த மாற்றத்தைப் பிடிக்க ஜீனோடைப்போடு, அதாவது அதே ஆளின் டி.என்.ஏ மாறுபாடுகளோடு, ஒத்துப்பார்க்க வேண்டும்.

சிதைவைக் கணக்கில் கொள்ள முழுமை எண்ணைச் சமன்பாட்டில் சேர்த்தால் போதும் என்று நம்பிய காலம் உண்டு. ஒவ்வொரு மரபணுவின் ஆர்.என்.ஏ-வும் ஒவ்வொரு வேகத்தில் சிதைகிறது, ஒற்றை எண் அதைத் திருத்தாது என்று லீபர் நிறுவன ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். மூளைத் திசுவை வேண்டுமென்றே மேசையில் விட்டுச் சிதையவைத்து, எந்த மரபணு எப்படிக் கரைகிறது என்று அளந்து, அந்த வடிவத்தைக் கழிக்கும் முறையை அவர்கள் தந்தார்கள். இதைச் செய்யாத பழைய முடிவுகளை அப்படியே நம்ப வேண்டாம்.

மொத்தமாக அரைக்கும் முறைக்கு இரண்டு இடங்களில் இன்னும் மாற்று இல்லை. ஒன்று, எண்ணிக்கை: ஒரு சாம்பிளுக்கு ஆகும் செலவு குறைவு, நூற்றுக்கணக்கில் போகலாம். மற்றொன்று, வெட்டு வடிவங்கள்: ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ-வை வெவ்வேறாக வெட்டி ஒட்டிச் செல் உண்டாக்கும் வடிவங்கள். சைக்என்கோட் கூட்டமைப்பு 2018-இல் மனச்சிதைவு, ஆட்டிசம், இருதுருவக் கோளாறு மூன்றையும் ஒப்பிட்டபோது, மரபணு அளவில் தெரிந்ததைவிட வெட்டு வடிவ அளவில் தெரிந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. வால் முனையை மட்டும் எண்ணும் ஒற்றைச் செல் முறைக்கு அது கண்ணிலேயே படாது.

மருந்துத் தடம் இங்கேயும் உண்டு. இருபது, முப்பது ஆண்டு மாத்திரை சாப்பிட்ட மூளை அது. இந்தக் குழப்பத்தைப் பிரிக்க ரீசஸ் குரங்குகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைக் கொடுத்து அவற்றின் மூளையையும் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். விலங்கு இந்தத் துறையில் உண்மையில் பயன்படும் இடம் இதுதான். மனச்சிதைவு வந்த எலி என்று ஒன்று கிடையாது.

உட்கரு உட்கருவாகப் பிரித்தால்

உறைந்த திசுவில் செல் சவ்வு உடைந்திருக்கும். அதனால் முழுச் செல்லைப் பிரிக்க முடியாது, உட்கருவை மட்டும் எடுக்கிறார்கள். பனிக்கட்டி மேல் டவுன்ஸ் குழாயில் (கண்ணாடி உரல்) தளர்வான உலக்கையால் 10 முதல் 15 இடி, பிறகு இறுக்கமான உலக்கையால் அதே அளவு. கரைசலில் 0.32 மோலார் சுக்ரோஸ், 0.1 விழுக்காடு டிரைட்டான், ஆர்.என்.ஏ-வைத் தின்னும் நொதிக்குத் தடுப்பான். 40 மைக்ரான் வடிகட்டி, அதன் பின் அடர் சுக்ரோஸ் மெத்தை மேல் அதிவேகச் சுழற்சி. மயலின் மேலே மிதக்கும், உட்கருக்கள் அடியில் படியும். இடி அதிகமானால் உட்கரு கிழியும், குறைந்தால் கட்டியாக நிற்கும். நுண்ணோக்கியில் விளிம்பு கூர்மையாக, உருண்டையாகத் தெரிகிற உட்கரு நல்லது. பஞ்சு போல விளிம்பு கலைந்திருந்தால் அந்தச் சாம்பிளை அங்கேயே நிறுத்துங்கள். சிப்பில் ஏற்றிய பிறகு நிறுத்தினால் பணம் போனது போனதுதான்.

உட்கருக்களைத் தனித்தனித் துளிகளில் அடைக்கும் சிப்பின் ஒரு தடத்தில் 10,000 உட்கரு பிடிக்கச் சுமார் 16,000 ஏற்ற வேண்டும். அந்த அளவில் ஏறத்தாழ 8 விழுக்காடு இரட்டையாக ஒட்டி வரும். மென்பொருளால் களைய வேண்டும். உடைந்த நியூரான்களிலிருந்து கசிந்த ஆர்.என்.ஏ எல்லாத் துளிகளிலும் மிதக்கும். செல்பெண்டர் போன்ற கருவியால் அதைக் கழிக்காவிட்டால் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்லான மைக்ரோக்ளியாவில்கூடச் சினாப்ஸ் மரபணு இருப்பதாகக் காட்டும். உட்கருவில் இன்ட்ரான் (பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) ரீட்கள் மிகுதி. அவற்றையும் எண்ணும்படி அமைப்பை வைக்க வேண்டும்.

இந்த முறையில் நடக்கும் பெரிய பிழை ஆய்வகத்தில் அல்ல, கணினியில் நடக்கிறது. ஆறு நோயாளிகளிடமிருந்து 50,000 உட்கரு எடுத்துவிட்டு 50,000 சாம்பிள் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரே பானைச் சோற்றில் நூறு பருக்கை எடுத்து நூறு பானை பதம் பார்த்ததாகச் சொல்வது போலத்தான் இது. சாம்பிள் எண்ணிக்கை ஆறுதான். ஆள் வாரியாக, செல் வகை வாரியாகக் கூட்டி ஒரே எண்ணாக்கி, பிறகு வழக்கமான மொத்த ஆர்.என்.ஏ கருவியால் ஒப்பிட வேண்டும். அப்படிக் கூட்டாத முறைகள் ஆயிரக்கணக்கில் பொய் வேறுபாடுகளைக் கக்குகின்றன என்பது 2021-இல் தெளிவாகக் காட்டப்பட்டது.

இன்னொரு பொறி நுட்பமானது. தூண்டும் நியூரானின் உட்கரு பெரியது. நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டைவிடப் பல மடங்கு மூலக்கூறுகள் அதில் கிடைக்கும். எண்ணிக்கையிலும் அவை கூடுதல். ஆகவே எந்த நோயை எடுத்தாலும் அதிக மரபணுக்கள் மாறியது தூண்டும் நியூரானில் என்றே முடிவு வரும். அதில் உண்மையும் இருக்கலாம், 2024-இல் 140 பேரின் மூளையை வைத்து வந்த மனச்சிதைவு ஆய்வும் அந்த நியூரான்களையே முன்னே நிறுத்தியது. ஆனாலும் செல் எண்ணிக்கையையும் மூலக்கூறு எண்ணிக்கையையும் எல்லா வகைக்கும் சமமாகக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் 'எந்தச் செல் குற்றவாளி' என்று எழுதக் கூடாது.

ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024-இல் 191 பேரின் முன்நெற்றிப் புறணியை ஆராய்ந்த ஆய்வு எடுத்துக்காட்டு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையே அவர்கள் கருவியாக்கினார்கள். யாருடைய நியூரானில் சினாப்ஸ் மரபணுக்கள் ஓங்கியிருந்தனவோ அவருடைய ஆஸ்ட்ரோசைட்டிலும் சினாப்ஸைத் தாங்கும் மரபணுக்கள் ஓங்கியிருந்தன. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரே நிரல். மனச்சிதைவிலும் முதுமையிலும் அது தாழ்ந்திருந்தது. மொத்தமாக அரைத்திருந்தால் இது ஏதோ கலவை வேறுபாடு என்று கழித்துக் கட்டப்பட்டிருக்கும்.

தட்டில் வளர்த்த நியூரான்

இரத்தச் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து நியூரான் வளர்ப்பது. நோயாளியின் மரபணுத் தொகுப்பு அப்படியே இருக்கும். மாத்திரையும் பீடியும் இருபதாண்டு நோயும் இல்லை. காரணத்தைத் தேடுபவருக்கு இதைவிடத் தூய்மையான இடம் கிடையாது. விலை, காலம். சென்டாய் வைரஸ் கொண்டு மாற்றினால் மூன்று நான்கு வாரத்தில் குடியிருப்புகள் தெரியும். வைரஸ் வெளியேறப் பத்துத் தலைமுறை மாற்ற வேண்டும். அதன் பிறகு குரோமோசோம் சோதனை, குறிப்பாக 20-ஆம் குரோமோசோமின் க்யூ11.21 பகுதி இரட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிழை உள்ள செல்கள் சாவதில்லை, மற்றவற்றை முந்திப் பெருகி இரண்டே மாதத்தில் தட்டை நிறைத்துவிடும். நியூரோஜெனின்-2 மரபணுவை முடுக்கும் முறையில் நியூரானாக்க இன்னும் நான்கு வாரம். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா புகுந்தால் எல்லாம் முதலிலிருந்து.

பெங்களூரில் நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ், இன்ஸ்டெம் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களிலிருந்து இத்தகைய செல் வரிசைகளை உருவாக்கியிருக்கின்றன. புதிதாகத் தொடங்குமுன் அங்கே கேட்பது புத்திசாலித்தனம்.

நோயாளி நான்கு, மற்றவர் நான்கு என்று ஒப்பிடும் திட்டம் இங்கேயும் தோற்கும், காரணம் அதே கணக்கு. ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடும் பேட்ச் வேறுபாடும் (வெவ்வேறு தடவை வளர்த்ததால் வருவது) நோயின் வேறுபாட்டை விழுங்கிவிடும். இதன் உண்மையான பலம் ஒரே ஆளின் செல்லில் டி.என்.ஏ-வின் ஒரே எழுத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஃப்யூரின் மரபணுவின் கதை இதற்குச் சரியான பாடம். 15-ஆம் குரோமோசோமில் ஒரு நோய்த் தொடர்பு இடம். அந்த இடத்தின் ஆபத்து வடிவம் ஃப்யூரினைக் குறைப்பதாகக் காமன்மைண்டின் மூளைத் தரவு 2016-இல் சொன்னது. வரிக்குதிரை மீனில் அந்த மரபணுவை ஒடுக்கியபோது மூளை வளர்ச்சி கெட்டது. 2019-இல் மனித ஸ்டெம் செல்லில் ஆர்எஸ்4702 என்ற ஒற்றை எழுத்தை கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு ஏ-யிலிருந்து ஜி-ஆக மாற்றினார்கள்; நியூரானில் ஃப்யூரின் குறைந்தது, அதன் நீட்சிகள் குட்டையாயின. அதே ஆய்வில் ஃப்யூரினோடு எஸ்என்ஏபி91, டிஎஸ்என்ஏஆர்ஈ1, சிஎல்சிஎன்3 ஆகியவற்றையும் சேர்த்து மாற்றியபோது விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டலைவிடப் பெரிதாக இருந்தது. இருபது பேர் இரத்தத்தில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் இந்தச் சங்கிலி கிடைத்திருக்காது.

குறையும் சொல்ல வேண்டும். தட்டில் இருப்பது கருவில் உள்ள சிசுவின் நியூரான் போன்றது. பதின்வயதில் நடக்கும் சினாப்ஸ் கழிப்பு அங்கே நடக்காது.

கணினி மட்டும்

மூளைத் தரவிலிருந்து எந்த மாறுபாடு எந்த மரபணுவை எவ்வளவு அசைக்கிறது என்று எடைகளைக் கற்று, அந்த எடைகளைப் பெரிய நோய்த்தொடர்பு ஆய்வின் முடிவுகள் மேல் போட்டுப் பார்ப்பது. ஃபியூஷன், பிரெடிக்ஸ்கேன் ஆகியவை இதற்கான மென்பொருள்கள். சுருக்க முடிவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஒரு நல்ல சர்வர் போதும். இந்த முறையில் 2018-இல் மனச்சிதைவுக்கு 157 மரபணுக்கள் கிடைத்தன. நோய்க்குப் பின் வந்த மாற்றம் இதில் கலக்காது என்பது பெரிய பலம், ஏனெனில் அளக்கப்படுவது பிறவி மாறுபாட்டால் கணிக்கப்பட்ட வெளிப்பாடு.

எச்சரிக்கை: பக்கத்து மரபணுக்கள் ஒரே மாறுபாட்டால் அசைந்தால் எல்லாமே குற்றவாளி போலத் தெரியும். கோலாக் என்ற மென்பொருளை ஓட்டி, நோய்க்கும் வெளிப்பாட்டுக்கும் ஒரே மாறுபாடுதான் காரணம் என்பதற்கான நிகழ்தகவு 0.8-க்கு மேல் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் குரோமோசோமின் நோய் எதிர்ப்புப் பகுதியை விலக்குவது வழக்கம், அங்கே மாறுபாடுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால். வேடிக்கை என்னவென்றால் இதுவரை கிடைத்த மிகத் தெளிவான விடைகளில் ஒன்று அங்கேதான் ஒளிந்திருந்தது. 2016-இல் வெளிவந்த சி4 மரபணு ஆய்வு, சி4ஏ-யின் படிகள் கூடக் கூட மூளையில் அதன் வெளிப்பாடும் நோய் ஆபத்தும் கூடுவதைக் காட்டியது. பொதுக் கருவி அதைப் பிடித்திருக்காது. அந்தப் பகுதியின் அமைப்பை மூலக்கூறு அளவில் தனியாக எண்ண வேண்டியிருந்தது.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. எடைகள் கற்கப்பட்ட மூளைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. பல திசுக்களின் வெளிப்பாட்டைத் தொகுத்த ஜிடெக்ஸ் திட்டத்தின் கொடையாளர்களிலும் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் அப்படியே. மாறுபாடுகள் ஒட்டி வரும் விதம் நம்மவரிடம் வேறு என்பதால் எடைகள் அப்படியே பொருந்தா. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள் ஒரு தனிக்குழு. ஒட்டுறவுக் கணக்குக்கு அந்தத் தரவைப் பயன்படுத்தலாம். அத்திட்டத்தின் 26 மக்கள் குழுக்களிலிருந்தும் 731 பேரின் செல் வரிசைகளில் ஆர்.என்.ஏ அளந்த மேஜ் தரவு 2024-இல் வந்திருக்கிறது. அது மூளையல்ல, பி-லிம்போசைட் செல்தான், என்றாலும் ஒரு சோதனைக்கல். சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் பங்கேற்ற, சுமார் 3,000 பேரைக் கொண்ட இந்திய ஆய்வு 2019-இல் 8-ஆம் குரோமோசோமில் நயாசின் வளர்சிதையோடு தொடர்புடைய என்ஏபிஆர்டி1 மரபணுவைச் சுட்டியது. நம் மக்களில் தேடினால் புது முகவரியும் கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

எதை எடுப்பது

ஒரு முனைவர் பட்ட மாணவர், மூன்று நான்கு ஆண்டு, நடுத்தர நிதி என்றால்: முதல் ஆண்டு கணினி, பிறகு ஒரே ஒரு மரபணுவைத் தட்டில் எடுத்து எழுத்து மாற்றிப் பார்ப்பது. ஏற்கெனவே உள்ள செல் வரிசையை வாங்கினால் ஓராண்டு மிச்சம். மூளை வங்கியோடு உறுதியான உடன்பாடும் குழுவுக்கு 50 பேருக்குக் குறையாத திசுவும் கையில் இருந்தால் மட்டும் உட்கரு முறை. அதுவும் பல ஆட்களின் உட்கருக்களைக் கலந்து ஒரே தடத்தில் ஏற்றி, பின்பு ஜீனோடைப்பால் பிரிக்கும் முறையில். பேட்ச் தொல்லையும் செலவும் ஒருசேரக் குறையும். வெட்டு வடிவம்தான் கேள்வி என்றால் மொத்தமாக அரையுங்கள். மருந்து யாருக்குக் கேட்கும் என்பது கேள்வி என்றால் இரத்தம், அதே ஆளிடம் முன்னும் பின்னும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், நோயாளியிடம் ஊசி குத்தும் அந்த ஒரே தடவையில் மூன்று குழாய் எடுத்துவிடுங்கள்: டி.என்.ஏ-வுக்கு ஈ.டி.டி.ஏ குழாய், ஆர்.என்.ஏ-வுக்கு பேக்ஸ்ஜீன், வெள்ளணுக்களைப் பிரித்துத் திரவ நைட்ரஜனில் வைக்க ஒரு ஹெப்பாரின் குழாய். ஹெப்பாரின் குழாயை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், மறுநாள் பிரித்தால் உயிருள்ள செல் குறையும். ஒப்புதல் படிவத்தில் மரபணுச் சோதனை, செல் வரிசை உருவாக்கம், பிற ஆய்வாளர்களோடு தரவுப் பகிர்வு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒரு மரபணு கையில் சிக்கும்போது, அதே ஆளைத் தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் நடக்காத காரியம்.